யாரும் கை வைக்காத கார்

போன மாதம் நான் நம் பழைய கார் பட்டறைக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் என்னிடம் ஃபோனை நீட்டினார். யாரென்று சொல்ல மாட்டேன், கூச்சப்படுவார். ஏதோ ஒரு அரண்மனை வாசலில் எடுத்த பழைய படம். "மேடம், இது எந்தக் கம்பெனி பாடி?" என்று கேட்டபடியே படத்தை விரலால் விரித்து விரித்துக் காட்டினார். ஹெட்லைட் வந்தது, மட்கார்டு வந்தது, கதவின் கைப்பிடி வந்தது. "அந்த அம்மா யாரு?" என்று கேட்டேன். "எந்த அம்மா மேடம்?" என்றார். ஃபுட்போர்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு, படத்தின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். அவருடைய கண்ணுக்கு அவள் படவே இல்லை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நான் கோபக்காரி என்று உங்களுக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பார்கள், உண்மைதான். அன்று திட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், எதற்குத் திட்டினேன் என்று சொல்லாமலே வந்துவிட்டோமே என்று தோன்றியது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

தொழில் உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் இருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் பெரிய மனிதர்களின் கார் முழுதாகக் கப்பலில் வந்து இறங்காது. எஞ்சினும் சக்கரமும் அடிச்சட்டமும் மட்டும் பெட்டியில் வந்து துறைமுகத்தில் இறங்கும். மேலே உட்காருகிற பாடியை வாங்கியவர் தனக்குப் பிடித்த பட்டறையில் கட்டிக்கொள்வார். இன்றைக்கும் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள் இல்லையா, அதே கதைதான், மரமும் தோலும் கொஞ்சம் உசத்தி. பிடிக்காவிட்டால் பாடியைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு கட்டுவார்கள். அதனால் ஒரே அடிச்சட்டம் ஒரு காலத்தில் ஜமீன்தாரின் வேட்டைக் காராக இருந்திருக்கும், பிறகு மீன் வண்டியாக ஓடியிருக்கும். அப்படிப்பட்ட வண்டிகளைப் பழையபடியே கட்டித் தருகிற நம் பட்டறையில், பழைய படத்தைப் பார்த்து, அந்த நாளில் அதன் மேல் இருந்த பாடி எது, யார் கட்டியது என்று சொல்வதுதான் நம் வேலை.

நான் கார் தெரிந்து இந்த வேலைக்கு வந்தவள் இல்லை. ராயபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் நெகட்டிவைத் திருத்துகிற வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பென்சிலும் மெல்லிய பிரஷும் வைத்துக்கொண்டு அம்மை வடுவை மறைப்போம், தூங்குகிற கண்ணைத் திறப்போம், கறுப்பு மாப்பிள்ளையைக் கொஞ்சம் சிவப்பாக்குவோம். முகம் சரியில்லை என்றுதான் ஜனங்கள் கடைக்குச் சண்டைக்கு வருவார்கள். கை சரியில்லை என்று ஒருத்தரும் வந்ததில்லை. ஆகவே கைகளை நாங்கள் தொடுவதே இல்லை, எப்படி விழுந்ததோ அப்படியே விட்டுவிடுவோம். அதில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்தப் படத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் அதில் இருப்பவர்களின் கைகள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பேன்.

நம் பட்டறைக்கு வந்த பிறகு இன்னொன்றையும் கவனித்தேன். கார் யாருடையதாக இருந்தாலும் சரி, நம் ஜனம் அதன் மேல் ஒரு கையை வைக்காமல் படம் எடுத்துக்கொள்ளாது. பானெட் மேல் வைக்கும், கதவின் மேல் வைக்கும், இடம் கிடைக்காவிட்டால் ஸ்டெப்னி மேலாவது வைக்கும். இரவல் வண்டி என்றால் இன்னும் கொஞ்சம் அழுத்தி வைப்பார்கள். வேண்டுமானால் நம் அலமாரியில் இருக்கிற படங்களை எடுத்துப் பாருங்கள்.

சேவியர் சார் எங்களிடம் வந்தது நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு. கப்பலில் எஞ்சினியராக இருந்து உலகம் சுற்றிய மனிதர். ஓய்வு பெற்று ராயபுரத்தில் அம்மாவோடு இருந்தார். அம்மா பெயர் ரோசம்மா. ரோசம்மாவின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அப்படிப்பட்ட வீட்டுப் பெண், கல்யாணத்தன்று கிறிஸ்தவக் கோயில் வாசலில் ராஜா வீட்டுக் கார் போல ஒரு காரில் வந்து இறங்கினாள் என்பது அந்தத் தெருவுக்கே தெரிந்த பெருமை. "எம்மாம் பெரிய வண்டில வந்து எறங்கினேன் தெரியுமா" என்று அம்மா சொல்வதைக் கேட்டே சேவியர் வளர்ந்தவர். வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் பெரிதாக மாட்டியிருந்தது.

படத்தில் வண்டியின் நம்பர் தெளிவாக விழுந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு சேவியர் வருஷக்கணக்காக அலைந்தார். கடைசியில் முகத்துவாரக்குப்பம் போகிற வழியில், பழைய வலைகளும் கயிறும் போட்டு வைத்திருந்த ஒரு கொட்டகையில் அந்த வண்டியைக் கண்டுபிடித்தே விட்டார். அதே நம்பர். பலகையை மட்டும் மாட்டியிருப்பார்களோ என்று நாங்கள் பழைய ஆர்.சி. புத்தகத்தையும் அடிச்சட்டத்தில் அடித்திருந்த எண்ணையும் ஒத்துப் பார்த்தோம். அதே வண்டிதான். ஆனால் அது பொண வண்டியாக இருந்தது.

நீளமான உடம்பு. பின்னால் இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடி, உள்ளே சவப்பெட்டியை வைக்க ஒரு பலகை. முன்னால் டிரைவரும் பக்கத்தில் ஒருவரும் உட்கார ஒரே சீட்டு, அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கதவு. அவ்வளவுதான்.

"கல்யாணத்துக்கு அப்புறம் யாரோ வாங்கி, பாடிய மாத்தி இப்படிப் பண்ணிட்டாங்க மேடம்" என்றார் சேவியர். இந்த பாடியை வெட்டி எடுத்துவிட்டு, கல்யாணத்தன்று இருந்த பாடியைத் திரும்பக் கட்ட வேண்டும். அம்மாவின் பிறந்த நாளன்று பின் சீட்டில் அவரை உட்காரவைத்து அதே கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். அதுவரை அம்மாவுக்கு ஒரு வார்த்தை தெரியக்கூடாது. "இருதயம் வீக்கா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அடுத்த பொறந்த நாளுக்கு அவங்க இருப்பாங்களான்னு தெரியாது. அதுக்குள்ள அவங்க கண்ணு முன்னாடி அந்த வண்டி வந்து நிக்கணும்."

முதலாளி என்னைக் கூப்பிட்டு, "லண்டன் பாடியா, பம்பாய் பாடியா, நம்ம மெட்ராஸ் பாடியா, சீக்கிரம் பாத்துச் சொல்லும்மா. நீ சொன்னாத்தான் கஜா வெட்ட ஆரம்பிப்பான்" என்றார். கஜா எங்கள் டிங்கர், வியாசர்பாடிக்காரர். இளவயதில் ஃபுட்பால் ஆடி முட்டியை உடைத்துக்கொண்டவர். தகரத்தைத் தட்டிப் பார்த்தே எங்கே ஒட்டுப்போட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

அரண்மனை ஆல்பங்களையெல்லாம் எடுத்துப் போட்டு அந்தக் கல்யாணப் படத்தோடு ஒப்பிட்டேன். ஒன்றும் ஒத்துவரவில்லை. கடைசியில் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டி பக்கத்திலேயே போய் நின்றேன். கதவைச் சுற்றி ஓடுகிற தகரப் பட்டை, அதன் முனையில் சுருண்டிருந்த ஒரு சின்ன இலை, கீல் இருக்கிற இடம், கைப்பிடியின் உயரம், எல்லாம் படத்தில் இருப்பது போலவே இருந்தன. ஆக, முன் பாதி மாறவே இல்லை. கல்யாணத்தன்று இருந்த அதே முன் பாதிதான் கொட்டகையிலிருந்து வந்து எங்கள் பட்டறையில் நின்றுகொண்டிருந்தது.

முதலாளிக்குக் கொண்டாட்டம். "நல்லதாப் போச்சு! அப்ப பின்னாடி பாதிய மட்டும் வெட்டினாப் போதும்!"

"பின்னாடி பாதி எப்ப வந்ததுன்னு தெரியணுமே?" என்றேன்.

கஜா தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். "நடுவுல ஒரு ஜாயின்ட் கீதுக்கா. ஆனா அது மொதல்லயே போட்டதா, எங்கனா மோதிட்டு அப்புறமா போட்டதான்னு தகரத்தப் பாத்து சொல்ல முடியாது. மேல அத்தினி கோட்டு பெயின்ட் கீது" என்றார்.

இனி படத்தை விட்டால் வேறு வழி இல்லை. படத்தில் வண்டியின் பின் பாதி தெரியவில்லை. அதற்கு முன்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

அப்போதுதான் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற ஒருவர், பழைய படங்களைத் தெளிவாக்குகிற ஆப் ஒன்றில் அதைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். பளபளவென்று வந்திருந்தது படம். ஆட்களின் இடுக்கில் அழகான ஒரு பின் கதவும், அதில் மின்னுகிற கைப்பிடியும் தெரிந்தன. "பாத்தியா, பின் கதவு! நாலு கதவு சலூன் கார்தான்!" என்று முதலாளி என் முகத்துக்கு நேராக ஃபோனை ஆட்டினார். மறுநாள் காலையிலேயே வெட்டிவிடலாம் என்று சேவியருக்கும் சொல்லிவிட்டார்.

நான் பழைய பிரிண்ட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கைப்பிடி மின்னிய அதே இடத்தில் ஒருவருடைய கோட்டுப் பித்தான் இருந்தது. பக்கத்தில் கோட்டின் மடிப்பு. ஆப் அந்த மடிப்பைக் கதவாக்கி, பித்தானைக் கைப்பிடியாக்கிவிட்டது. அதைக் குற்றம் சொல்லி என்ன பயன், அதற்குக் கார் வேண்டும் என்று நாம் கேட்டோம், அது கொடுத்தது. கோட்டுக்காரர் யார் என்று நாம் யாரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். இந்த ஆட்கள் எல்லாம் யார், ஏன் இங்கே நிற்கிறார்கள் என்று படத்தை முதலிலிருந்து பார்த்தேன்.

பெண் வெள்ளைப் புடவையில் இருக்கிறாள். தலையில் முக்காடாக நெட், கையில் பூச்செண்டு. ஒரு கால் ஃபுட்போர்டில், ஒரு கால் தரையில். நல்ல மழை பெய்து ஓய்ந்த தரை, சக்கரத்தின் பாதி உயரத்துக்குச் சேறு. அவள் இறங்கிக்கொண்டிருந்தது முன் கதவு வழியாக. நெட்டின் நுனி இன்னும் முன் சீட்டில் கிடக்கிறது. இதை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், உறைக்கவே இல்லை. நீங்களே சொல்லுங்கள், கல்யாணப் பெண்ணை டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிவருகிற வீடு எங்கேயாவது உண்டா? பின் சீட்டில் இந்தப் பக்கம் தோழி, அந்தப் பக்கம் சித்தி, நடுவில் பெண், மடியில் யாராவது ஒரு குழந்தை. அப்படித்தானே வருவாள்? பின்னால் சீட்டு இருந்தால் அவள் ஏன் முன்னால் வந்தாள்?

அடுத்து அந்த ஆண்கள். கோட்டும் வேட்டியுமாக, தோளோடு தோள் ஒட்டி, பின் பாதியின் முன்னால் மட்டும் சுவர் மாதிரி நின்றிருந்தார்கள். ஓரத்தில் இருந்த ஒருவர் குதிகாலைத் தூக்கி எக்கி நின்றார். முன் பாதியின் பக்கம் அந்தப் பெண்ணைத் தவிர ஒரு ஆள் இல்லை. பளபளக்கிற பானெட் காலியாகக் கிடந்தது. வண்டியின் கூரை மேல் ஏதோ ஒன்றை வெள்ளைத் துணியாலும் பூவாலும் உருண்டையாகச் சுற்றி வைத்திருந்தார்கள், அலங்காரம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். நான் கைகளைப் பார்த்தேன். இடுப்பில் இருந்தன, மார்பில் கட்டியிருந்தன, பக்கத்து ஆளின் தோளில் இருந்தன. வண்டி மேல் ஒரு கைகூட இல்லை.

மூட்டை தூக்குகிறவர் வீட்டுக் கல்யாணம். ராஜா வீட்டுக் கார் போல ஒன்று வந்து நிற்கிறது. அத்தனை சொந்தக்காரர்களில் ஒருவருக்குக்கூட அதைத் தொட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லையா? இவர்கள் வண்டியைக் காட்ட நிற்கவில்லை, மறைக்க நிற்கிறார்கள். வண்டி அன்றைக்கே பொண வண்டிதான்.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட நிலைக்கவில்லை. இதைச் சேவியரிடம் சொல்லியாக வேண்டுமே! உங்கள் அம்மா கல்யாணத்துக்குப் பொண வண்டியில் வந்தார் என்று ஒரு மகனிடம் எந்த வாயால் சொல்வது? நான் நினைப்பது தப்பாக இருந்தால் அதைவிடப் பெரிய அவமானம் அவருக்கு வேறு இல்லை. சொல்லாமல் இருந்தாலோ காலையில் கஜா வெட்டிவிடுவார். அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று அவர் தேடித் தேடிக் கண்டுபிடித்த வண்டியை அவரே அழித்ததாகிவிடும். வெட்டிப்போட்டதை ஒட்டவைத்து அதே வண்டி என்று யாரிடமும் சொல்ல முடியாது.

சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம் சேவியர் பட்டறைக்கு வந்தபோது படத்தை மேஜை மேல் வைத்து, கதவையும் கோட்டுப் பித்தானையும் கைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவருடைய காது சிவந்துகொண்டே வந்தது. அதுவரை மேடம், மேடம் என்று அழகாகப் பேசிக்கொண்டிருந்த மனிதருக்குள்ளிருந்து ராயபுரம் வெளியே வந்தது.

"இன்னா சொல்ற நீ? எங்கம்மா பொண வண்டில வந்து எறங்கினாங்கன்றியா? எங்க தெருல யார்கிட்டயாவது வந்து இத சொல்லிப் பாரேன்!"

"சார், எனக்கு உங்க அம்மாவத் தெரியாது. படத்துல இருக்கறதத்தான் சொல்றேன்."

"படத்துல பின் கதவு கீதே, உங்க ஆபீஸ்லயே காட்டினாங்களே!"

முதலாளி நடுவில் வந்து விழுந்தார். "பாடி யாரு கட்டினதுன்னு கேட்டா, கல்யாணத்துல யாரு எங்க குந்தினாங்கன்னு ஏம்மா ஆராய்ச்சி பண்ற? உனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?"

அவரை நான் கண்டுகொள்ளவில்லை. "சேவியர் சார், அம்மாகிட்ட வண்டியப் பத்தி ஒண்ணும் கேக்காதீங்க. இங்க நடக்கறதையும் சொல்லாதீங்க. எந்தக் கதவு வழியா எறங்கினீங்க, முன் கதவா பின் கதவான்னு மட்டும் சும்மா பேச்சோட பேச்சா கேளுங்க. பின் கதவுன்னு சொன்னாங்கன்னா நானே நின்னு வெட்டச் சொல்றேன், உங்க கால்ல விழுந்து மன்னிப்பும் கேக்கறேன்" என்றேன்.

அவர் படத்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். முதலாளி என்னை முறைத்துவிட்டு, "காலைல நான் வந்து பாக்கறதுக்குள்ள அவர் வேணாம்னு ஃபோன் பண்ணலன்னா, கஜா வெட்டிடுவான். உன் கதைக்கெல்லாம் பொறந்த நாள் காத்துகினு இருக்காது" என்றார். அவரையும் தப்பு சொல்ல முடியாது, கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் நான் வேலை நேரத்துக்கு முன்பே வந்துவிட்டேன். ஃபோன் வரவில்லை. முதலாளி வந்தார், கையைக் காட்டினார். எங்கள் வழக்கப்படி கஜா சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, கட்டிங் மெஷினுக்குக் கற்பூரம் காட்டினார். சுவிட்சைப் போட்டார். மெஷின் ஓடவில்லை.

"கரண்ட் வரல முதலாளி."

"ஃபேன் சுத்திகினு கீதேடா!"

"அது வேற லைன்" என்றார் கஜா முகத்தில் ஒன்றுமே இல்லாமல். நான் கீழே பார்த்தேன். மெஷினின் பிளக் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டு அவருடைய காலடியில் கிடந்தது. அவர் அதை மெதுவாக மெஷினுக்கு அடியில் தள்ளினார்.

முதலாளி அதைக் கண்டுபிடித்துக் கத்திக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முதலில் சேவியர் இறங்கினார். இரவெல்லாம் தூங்காத முகம். பிறகு அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு ஒல்லியாக, உயரமாக ஒரு அம்மா இறங்கினார். வந்ததும் வராததுமாக ஒரு குரல்.

"யாரு அது, நான் எந்தக் கதவுல எறங்கினேன்னு கேட்டது?"

நான் கையை லேசாகத் தூக்கினேன்.

ரோசம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத்தினி வருசத்துல என்ன யாரும் அத கேட்டதில்ல. புடவை நல்லா கீது, நகை நல்லா கீது, வண்டி நல்லா கீது, எல்லாம் கேப்பாங்க. எந்தக் கதவுன்னு கேட்டதில்ல. இவன் திடீர்னு கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எவனோ கண்டுபுடிச்சிட்டான்டான்னு நெனச்சு, ராத்திரி முழுக்க வுடாம கேட்டு இவன்கிட்ட இருந்து எல்லாத்தயும் கறந்துட்டேன். நீயா?" என்று கேட்டுவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், பட்டறையே அதிர்ந்தது.

பிறகு அவரே சொன்னார். கல்யாணத்தன்று மழையென்றால் அப்படி ஒரு மழை. பேசி வைத்திருந்த வாடகை கார் பாலத்துக்கு அடியில் தண்ணீரில் நின்றுவிட்டது. கோயிலில் பாதிரியார் காத்துக்கொண்டிருக்கிறார், மாப்பிள்ளை வீடு காத்துக்கொண்டிருக்கிறது. ரோசம்மாவின் ஞானத்தகப்பன், ஞானஸ்நானத்தின்போது அவரைக் கையில் ஏந்தியவர், இந்தப் பொண வண்டியின் டிரைவர். அந்தத் தண்ணீரில் ஓடக்கூடிய உயரமான சக்கரம் அந்தப் பக்கத்தில் இந்த ஒரு வண்டிக்குத்தான் இருந்தது.

"'ஏறிக்கோ கண்ணு'ன்னாரு. எங்கப்பா தலைல அடிச்சிகினு அழுதாரு, வேணாம் வேணாம்னு. நான்தான் போய் முன்னாடி குந்திகினேன். வண்டிதான, அது நம்மள இன்னா பண்ணப் போவுது? கூரை மேல சிலுவை இருந்துச்சு, கழட்ட வரல, அவரு துணிய சுத்தி பூவ வச்சாரு. கோயில்கிட்ட வந்ததும் எங்க ஆளுங்க எல்லாம் ஓடியாந்து பின்னாடி கண்ணாடிய மறைச்சிகினு நின்னாங்க. என் மாமியாக்காரிக்குத் தெரிஞ்சா அன்னிக்கே கல்யாணம் நின்னுருக்கும்."

"அப்பாவுக்கு?" என்று கேட்டார் சேவியர்.

"உங்கப்பாகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். வுழுந்து வுழுந்து சிரிச்சாரு. உனக்கு சொல்லணும்னுதான் இருந்தேன். ஆனா நீ எல்லார்கிட்டயும் அத்தினி பெருமையா சொல்லிகினு திரிஞ்ச, எனக்கு மனசு வரல." பிறகு வண்டியைக் காட்டி, "நான் பொய்யா சொன்னேன்? பெரிய வண்டின்னுதான சொன்னேன். பாரு, எம்மாம் பெருசு!" என்றார்.

பாடி யார் கட்டியது என்ற கேள்விக்கும் அவர்தான் வழி காட்டினார். "கல்யாண ஃபோட்டோவ ஏன் பாத்துகினு கீறீங்க? சாவு ஃபோட்டோவ பாரு, அதுல முழு வண்டியும் வுழுந்திருக்கும்" என்றார். ராயபுரத்தில் எங்கள் கிறிஸ்தவ ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு, சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வோம். சுவரில் மாட்ட மாட்டோம், பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிடுவோம். நான் அதே ஊரில் பிறந்து, அதே படங்களை ஸ்டுடியோவில் திருத்தியவள், எனக்கு அது தோன்றவில்லை. பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்டோம். அந்தப் படங்களில் இந்த வண்டியும் இருந்தது, இதற்கு முன்னால் ஓடிய குதிரை பூட்டிய பொண வண்டியும் இருந்தது. இரண்டிலும் பட்டையின் முனையில் அதே சுருண்ட இலை. துறைமுகத்துப் பக்கம் இருந்த ஒரு பழைய வண்டிப் பட்டறையின் வேலை அது. கப்பலில் வந்து இறங்கிய அடிச்சட்டத்தின் மேல் முதல் தடவையே பொண வண்டியாகக் கட்டியது. அதைப் போல இன்னொன்று இதுவரை நம் கண்ணில் படவில்லை.

அதெல்லாம் பிறகு. அன்று காலை ரோசம்மா வண்டியைச் சுற்றி வந்தார். முன் கதவுக்குப் பக்கத்தில் நின்று, உள்ளங்கையை விரித்து பானெட் மேல் வைத்தார். நான் கைகளையே பார்த்துப் பழகியவள். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அத்தனை நாள் படத்தில் யாரும் தொடாமல் கிடந்த இடம் அது.

கதவைத் திறந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சேவியர் பதறினார். "எம்மா, இது இன்னும் பொண வண்டியாதாம்மா இருக்கு. எறங்கும்மா, நான் பின்னாடி நல்லா சீட்டு போட்டு..."

"பின்னாடி படுக்கறதுக்கு இன்னும் நேரம் கீதுடா. இப்ப முன்னாடிதான குந்திகினு கீறேன். நீ வந்து வண்டிய எடு."

எஞ்சினைக் கழற்றி ஒரு வாரம் ஆகியிருந்தது. அதை அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. சேவியர் சுற்றிப் போய் ஸ்டீயரிங் பக்கம் ஏறிக்கொண்டார். கஜா கட்டிங் மெஷினைக் காலால் ஓரம் தள்ளிவிட்டுப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். பெயின்டர், வெல்டர், கணக்குப் பார்க்கிறவர், அந்த ஆப்காரர், எல்லோரும் ஓடினார்கள். முதலாளி கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டே நின்றார், பிறகு அவரும் மட்கார்டில் கை வைத்துத் தள்ளினார். வண்டி கிறீச்சிட்டு நகர்ந்து வாசல் வரைக்கும் வந்தது. ரோசம்மா ஜன்னல் வழியாகத் தெருவுக்குக் கை காட்டிவிட்டு, அந்தக் கையைக் கதவின் மேல் வைத்துக்கொண்டார்.

நான் முன்னால் ஓடிப் போய் ஃபோனில் ஒரு படம் எடுத்தேன். நீங்கள் தினமும் உள்ளே வரும்போது கடந்துபோகிறீர்களே, வாசல் சுவரில் மாட்டியிருக்கிற அந்தப் படம்தான். நாளைக்கு அதன் முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். வண்டியை அப்புறம் பாருங்கள், முதலில் அதில் இருக்கிறவர்களைப் பாருங்கள். ஒருத்தர் கைகூட வேறு எங்கேயும் இல்லை, எல்லார் கையும் வண்டி மேல்தான் இருக்கிறது.